சுருளாத முனை

இல்ல இல்ல, தூண்டில் கம்ப அப்புறம் வளைச்சுப் பாக்கலாம் தம்பி. அது எங்க ஓடிடப் போகுது? முதல்ல முனையப் பாருங்க. அந்தக் கறுப்புத் துணியில குண்டூசி குத்தி வச்சிருக்கேன்ல, அந்தத் தூண்டில் நரம்பு முனை. கை மட்டும் பட வேண்டாம். வெளிச்சம் பத்தலன்னா நாற்காலிய ஜன்னல் பக்கம் தள்ளிக்குங்க. மெதுவா பாருங்க, டீ வச்சிருக்கேன்.

உங்களுக்கு இதுல நல்ல பழக்கம்தானே? போன்லயே கேட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. முன்னாடி ஒருத்தரு விளம்பரத்தப் பாத்துட்டு வந்தாரு, கம்ப சுவத்துல மாட்டி அழகு பாக்கணுமாம். இன்னொருத்தரு புழு வச்சுப் பிடிக்கிறவரு. இறகையும் நூலையும் வச்சு ஈ மாதிரி கட்டி மீன ஏமாத்துற சங்கதியே அவருக்குத் தெரியல. அவங்ககிட்ட முனையக் காட்டி என்ன பிரயோஜனம்? செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரிதான்.

என்னது? உள்ள சத்தமா? அது ஒண்ணுமில்ல. நீங்க பாருங்க.

அந்த டப்பாவுல இருக்கிற ஈ பூரா நான் கட்டினது. ஆமா, நான்தான். அவரு கட்டினாருன்னு நினைச்சீங்களா? எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. எனக்குத் தையல் வேலை. பேன்ட் இடுப்பப் பிடிக்கிறது, கோட்டுக் கையக் குறைக்கிறது, ஜிப்பு மாத்துறது. நாள் பூரா ஊசியில கண்ண வச்சுட்டு வீட்டுக்கு வந்தா, சாப்பாட்டு மேசையில இறகையும் தூண்டில் முள்ளையும் பரப்பி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு எங்க வீட்டுக்காரரு. அவரு விரலு தடி விரலு. பக்கத்துல இருக்கிற எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு தடவை பாவம்னு ஒண்ணு கட்டிக் குடுத்தேன். அதோட போச்சு, அது என் வேலையாயிடுச்சு. முள்ளையும் நரம்பையும் சேர்க்கிற முடிச்சும் நான்தான். சுத்தி, உள்ள விட்டு, எச்சில் தொட்டு மெதுவா இறுக்கணும். காய்ஞ்ச நரம்ப வெடுக்குன்னு இழுத்தா உரசுற சூட்டுலயே பாதி பலம் போயிடும். உங்களுக்குத் தெரியாததா?

அவருக்கு என்ன வேலையா? கார் ஓட்டக் கத்துக் குடுக்கிறது. அந்தக் கார்ல பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் இருக்கும், பாத்திருப்பீங்க. அழுத்துறது இவரு, வண்டி குலுங்கி நின்னதும் திட்டு வாங்குறது ஓட்டுற பிள்ளைங்க. எத்தனை பொண்ணுங்க கண்ணத் தொடைச்சுக்கிட்டே இறங்கிப் போயிருக்கும். அந்த சீட்ட விட்டு அவரு வீட்லயும் இறங்கல தம்பி.

வெயில் காலம் வந்துட்டா குளத்தங்கரையே கதி. விடியக்காலையிலயும் பொழுது சாயும்போதும்தான் மீன் மேல வரும்னு எல்லாருக்கும் தெரியும். தண்ணி சூடேறிட்டா அது நிழல்ல, ஆழத்துல போய்ப் படுத்துக்கும். இவருக்கு மட்டும் உச்சி வெயில்லதான் போகணும். ஏன்னா அல்லி இலைக்கு அடியில ஒரு பெரிய கெண்டை இருந்துச்சு. மேலதிகாரின்னு பேரு வச்சிருந்தாங்க இவங்க கூட்டத்துல. கூட்டம்னா இவரு, முடிவெட்டுறவரு ஒருத்தரு, இன்னும் வேலை வெட்டி இல்லாத ரெண்டு பேரு. மேலதிகாரி இவரு ஈயக் கவ்வும், இலைக்கடியில ஓடும், பட்டுன்னு அறுத்துக்கிட்டுப் போயிடும். ஒவ்வொரு வெயிலுக்கும் இதே கதைதான்.

வீட்டுக்கு வந்து என்ன சொல்லுவாரு தெரியுமா? உன் முடிச்சு அவுந்துடுச்சு.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சரி, வீட்டுக்குள்ள சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். குளத்துல சொன்னாரு. முடிவெட்டுறவரு கடையில உக்காந்து சொன்னாரு. அங்க சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. எனக்குப் பேரு என்ன தெரியுமா? அவுந்தமுடிச்சு. ஒரு கல்யாண வீட்டுல, சாப்பாட்டுப் பந்தியில, வாங்க அவுந்தமுடிச்சுன்னு ஒருத்தன் கூப்பிடுறான், எல்லாரும் சிரிக்கிறாங்க, எல்லாரையும் விட அதிகமா இவரு சிரிக்கிறாரு. கடைக்கு வர்றவங்க பட்டனத் தைக்கக் குடுத்துட்டு, கெட்டியா போடுங்கக்கா, அவுந்துடப் போகுதுன்னு கண்ணடிக்கிறாங்க. நான் போட்ட பட்டன் கோட்டு கிழிஞ்சாலும் நிக்கும் தம்பி. வயிறு எரியுமா எரியாதா? என் கைத்தொழில்ல மண்ணள்ளிப் போட்டாரு, சிரிச்சுக்கிட்டே.

முடிச்சு அவுந்துதா, நரம்பு அறுந்துதான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்குன்னு எனக்கு ரொம்ப நாள் தெரியாது. நீங்க சிரிக்கிறீங்க, உங்களுக்குத் தெரியும். அவுந்திருந்தா முனை பன்னிவாலு மாதிரி சுருண்டிருக்கும். அறுந்திருந்தா மொட்டையா, நேரா நிக்கும். தூண்டில் சாமான் விக்கிற கடைக்காரரு பேச்சுவாக்குல சொன்னாரு. அன்னையிலிருந்து நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். சண்டை போடல. இந்த தடவை அறுந்தா அந்த முனைய அப்படியே கொண்டு வாங்க, நான் பாக்கணும். கொண்டு வருவாரா? கடிச்சுத் துப்பிட்டேன்டீம்பாரு. ஒவ்வொரு தடவையும் கடிச்சுத் துப்பிட்டுத்தான் வருவாரு. தெரிஞ்சே செஞ்சாரா, பழக்கமான்னு எனக்கு இன்னும் புரியல. தெரிஞ்சேதான் செஞ்சிருப்பாரு.

ஏன் அறுந்துச்சுன்னு கேக்குறீங்களா? அந்தக் கார்ல ஒரு நாள் ஏறினேன். முன் கண்ணாடிக்குக் கீழ வரிசையா நரம்புச் சுருள் அடுக்கி வச்சிருக்காரு. வெயில் காலம் பூரா, நாள் பூரா, அந்த நெருப்புலயே கிடக்குது. ஒண்ண எடுத்து இழுத்தேன், காஞ்ச முருங்கைக் குச்சி மாதிரி ஒடியுது. இத எடுத்து உள்ள வைங்க, வெயில்ல வெந்து போச்சுன்னேன். காசு குடுத்து வாங்கின நரம்பு எப்படிடீ வேகும், நீ முடிச்ச ஒழுங்கா போடுன்னாரு. அது அங்கயேதான் இருந்துச்சு. கையில எட்டுற எடத்துல இருக்கணுமாம்.

டீ ஆறுது, குடிங்க.

அன்னைக்கும் உச்சி வெயில்தான். மேலதிகாரி மாட்டிக்கிச்சு. நல்லா இழுத்துக் கிட்ட கொண்டு வந்துட்டாராம். பட்டுன்னு போயிடுச்சு. முடிவெட்டுறவரு பக்கத்துலயே நின்னிருக்காரு. இவரு திரும்பி, பாத்தியா, அவ முடிச்சுன்னு ஆரம்பிச்சவரு அப்படியே வாய் கோணி தண்ணியில சரிஞ்சுட்டாரு. தூக்கிக்கிட்டு ஓடினாங்க. கம்ப மடக்கக்கூட நேரமில்லாம, நரம்பு தொங்கத் தொங்க முடிவெட்டுறவரு ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்துட்டாரு.

நான் ஓடிப் போறேன். படுக்கையில அவரு. வாசல்ல கம்ப வச்சுக்கிட்டு அந்த மனுஷன் அழுதுக்கிட்டு நிக்கிறாரு. நான் முதல்ல எதப் பாத்தேன்னு நினைக்கிறீங்க? அவரு முகத்த இல்ல தம்பி. முனையப் பாத்தேன். என்ன அப்படிப் பாக்காதீங்க. முதல் தடவையா கடிக்காத முனை என் கைக்கு வந்திருக்கு. தைக்கிற பையில இருந்த துணியில குத்தி வச்சுட்டு அதுக்கப்புறம்தான் உள்ள போனேன்.

சரி, இப்ப சொல்லுங்க. சுருண்டிருக்கா?

இல்லையா? நல்லா பாத்துச் சொல்லுங்க. மொட்டையா, நேரா இருக்கா. அப்ப அறுந்ததுதான். முடிச்சு அவுழல. சரி. எனக்குத் தெரியும், ஆனாலும் வேற ஒருத்தர் வாயால கேக்கணும்ல.

கம்பா? கம்பு விக்கிறதுக்கு இல்ல தம்பி. கோச்சுக்காதீங்க. விளம்பரம் குடுத்தாத்தானே விவரம் தெரிஞ்ச ஆளு வீடு தேடி வருவாங்க. முனையப் பாத்துச் சொல்ல முடிவெட்டுறவர கூப்பிட்டேன், படுத்துக் கிடக்குற மனுஷன்கிட்ட இதெல்லாம் எதுக்கும்மான்னுட்டாரு. நான் சொன்னா கணக்கில்ல. பொண்டாட்டி சொல்றத அவரு என்னைக்குக் கேட்டாரு?

ஆமா, உயிரோடதான் இருக்காரு. அந்தக் கதவுக்குப் பின்னாடி. அப்ப கேட்டுச்சே சத்தம், அவருதான். கை கால் விழுந்துடுச்சு, பேச்சு போச்சு, காதும் புத்தியும் நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. பேச்சு பூரா போகல. மழை விட்டும் தூவானம் விடலன்னு, ஒரே ஒரு வார்த்தை மட்டும் தங்கிப் போச்சு. தண்ணி வேணும்னாலும் அதுதான், வலிச்சாலும் அதுதான். நான் சோறு ஊட்டும்போது என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே அதைத்தான் சொல்லுவாரு. கேளுங்க, இதோ மறுபடியும். முடிச்சு. முடிச்சு.

அந்தத் துணிய எடுத்துக்குங்க, குண்டூசி விழாம. ஒரு நிமிஷ வேலைதான். அவரு கண்ணு முன்னாடி காட்டி, இப்ப எங்கிட்ட சொன்னத அப்படியே சொல்லிடுங்க. செருப்பக் கழட்ட வேண்டாம், வாங்க.