அறுபத்துமூன்று பைகள்

நிலவறையைத் திறந்த அன்று அங்கே இருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லக் கூடாது. குடியிருப்புக் குழுவின் செயலாளர் கம்ஷத், ஒன்பதாம் எண் வீடு. குழாய் வேலை செய்யும் தூர்சுன், கையில் சாவிக்கொத்துடன். என் மருமகள் அக்போபே, மருத்துவமனைச் சீருடையில், வேலைக்குக் கிளம்பும் வழியில். பதினான்காம் எண் வீட்டு கென்ரிக் ஒத்தோவிச்சும், அவருடைய குட்டைக்கால் நாய் மார்த்தாவும். குழுவின் தலைவர் என்ற முறையில் நான், பைஸாக்கின் மகன் ஜூமாதில். வேறு யாரும் இல்லை. படிக்கட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவர்களை நான் சேர்க்கவில்லை.

எனக்கு எழுபத்து நான்கு வயது. முப்பத்தோரு ஆண்டு ஒரு தானியக் கிடங்கை நிர்வகித்தேன். நான் கட்டிய மூட்டை எதுவும் வழியில் அவிழ்ந்ததில்லை. எங்கள் குடும்பத்து ஆண்கள் நிமிர்ந்து நடப்பவர்கள். என் தந்தை தொண்ணூற்றோரு வயதிலும் சுவரில் சாய்ந்து உட்கார மாட்டார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

போன ஆகஸ்டில் மகனுக்குக் கல்யாணம் ஆனபோது சம்பந்தி வீட்டார் ஒரு வேட்டை நாயைத் தந்தார்கள். நல்ல வேட்டை நாயைத் தாங்கள் மதிப்பவருக்குத்தான் கொடுப்பார்கள். மறுத்தால் உறவு அத்தோடு போயிற்று. லாச்சின் என்று பெயர். நீண்ட முகம், ஒட்டிய வயிறு, காற்றில் வரைந்தது போன்ற கால்கள். மகன் மேற்கே எண்ணெய் வயலில் இருக்கிறான், வந்தால் பதினைந்து நாள் தங்குவான். மருமகள் காலையிலேயே மருத்துவமனைக்குப் போய்விடுகிறாள். ஆகவே நாயைக் கூட்டிப்போவது என் பொறுப்பாயிற்று. கைகளைப் பின்னால் கட்டி, வாரை விரலில் சுற்றிக்கொண்டு நான் நடப்பேன்; லாச்சின் முன்னால் நடக்கும். பார்க்க நன்றாக இருக்கும். அது நின்று முதுகை வளைக்கும்போது மட்டும் நான் மலையைப் பார்ப்பேன். அல்மாட்டியில் எங்கே நின்றாலும் மலை தெரியும்.

விதியை எழுதியதும் நான்தான். கல்யாணத்துக்கு முந்தைய மே மாதத்தில் கம்ஷத் எதையோ மிதித்துவிட்டு ஒரு செருப்போடு கூட்டத்துக்கு வந்தாள். அன்றே எழுதினேன். முதல் பிரிவு: நாயின் கழிவை அங்கேயே, அப்போதே எடுக்காதவரின் பெயர் நுழைவாயில் கதவில் முப்பது நாள் ஒட்டப்படும். இரண்டாம் பிரிவு: எடுத்ததைக் குப்பைத் தொட்டியில் சேர்க்காதவருக்கும் அதுவே தண்டனை. எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது எங்கள் வீட்டில் நாய் இல்லை. சட்டம் எழுத அதுதான் நல்ல நேரம்.

கென்ரிக் ஒத்தோவிச்சும் நானும் இருபத்தாறு ஆண்டாக அண்டை வீட்டார். சாயங்காலங்களில் அவர் வீட்டில் குழிப்பலகை விளையாடுவோம். பல்லாங்குழி போன்ற எங்கள் இனத்து ஆட்டம், குழிக்கு ஒன்பது காய். ஆட்டத்தை நான்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். இரண்டே ஆண்டில் அவர் என்னைத் தோற்கடிக்க ஆரம்பித்தார். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் ஆட்டத்துக்கு நடுவே அவர் ஒரு தடித்த சுருளை என் முன்னால் வைத்தார். சின்னச் சின்னக் கறுப்புப் பைகள்.

"லாச்சினுக்குப் பரிசு, ஜூமெக்கே" என்றார். என் மேல் மரியாதை உள்ளவர்கள் என்னை அப்படித்தான் அழைப்பார்கள்.

"லாச்சினுக்குப் பையா? அது கடைகண்ணிக்குப் போறதில்லையே" என்றேன்.

"கிண்டல் பண்ணுங்க. பையைக் கையில உறை மாதிரி மாட்டிக்கிட்டு எடுங்க, அப்படியே உள்ளது வெளியில வர்ற மாதிரி திருப்புங்க, முடிச்சுப் போடுங்க. அதை இன்னொரு பையில போட்டுக் கட்டிக் குப்பைத் தொட்டியில சேத்துடுங்க. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. ஒரு நிமிஷ வேலை."

"குளிர்காலம் பூரா சாண வரட்டி எரிச்சு வளந்தவன் நான். எனக்குச் சாணத்தைப் பத்தி நீங்க சொல்லித் தர்றீங்களா?"

"அது புல்லு தின்ன மாட்டோடது. எரியும், உரமாகும். இது கறி தின்ன நாயோடது. புழு முட்டை இருக்கும், மண்ணுல கிடந்தா வருஷக்கணக்கா சாகாது. ஆப்பிள் மரத்தடியில புதைச்சாலும் தப்பு. தெருவோர வாய்க்கால்ல தள்ளினா அதைவிடத் தப்பு. கீழ்த்தெருவுல அந்தத் தண்ணியிலதான் கொத்தமல்லி வளக்கறாங்க."

வாய்க்காலைப் பற்றிச் சொல்லும்போது அவர் என் காலணி முனையைப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது.

"உங்க ஆட்டத்தோட காய்க்குப் பேரே ஆட்டுப் புழுக்கை," என்று அவர் சிரித்தார். "அந்தக் காலத்துல நெஜப் புழுக்கையை வச்சே ஆடியிருக்கீங்க. இதுல மட்டும் மானம் போகுதாக்கும்?"

சுருளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். பரிசை மறுப்பது எங்கள் வழக்கமில்லை. பயன்படுத்தியாக வேண்டும் என்றும் வழக்கமில்லை.

நவம்பரில் பனி விழுந்தது. அதன் பிறகு எல்லாம் எளிதாயிற்று. லாச்சின் தன் வேலையை முடிக்கும். நான் மலையைப் பார்த்தபடியே குதிகாலால் கொஞ்சம் பனியை இழுத்து மூடுவேன். முற்றம் வெள்ளையாக, குற்றமற்றதாக இருக்கும். இங்கே ஒரு தவறு செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். நான் பிறந்த இடத்தில், பனி உருகும் முன்பே மந்தையை ஓட்டிக்கொண்டு அடுத்த மேய்ச்சலுக்குப் போய்விடுவோம். குளிர்கால முகாமில் பனிக்கடியில் என்ன கிடந்தது என்று எங்களில் யாரும் நின்று பார்த்ததில்லை. பனி எதையும் எடுத்துக்கொண்டு போய்விடும் என்ற நம்பிக்கை என் எலும்பில் இருக்கிறது. நான்கு மாடிக் குடியிருப்பு மார்ச் மாதத்தில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

மார்ச்சில் பனி ஒரே வாரத்தில் உருகிவிட்டது. எங்கள் வாசலிலிருந்து ஆப்பிள் மரம் வரைக்கும், அங்கிருந்து திரும்பி வாசல் வரைக்கும், இரண்டு இரண்டு அடி இடைவெளியில், நேர்க்கோட்டில் கிடந்தன. கம்ஷத் ஒவ்வொன்றிலும் ஒரு தீக்குச்சியைக் குத்தி, சிவப்புக் காகிதத்தில் சின்னக் கொடி கட்டி எண்ணினாள். அறுபத்துமூன்று. ஏழு ஒன்பது. ஒன்பது ஒன்பதாகக் கொடுப்பதுதான் எங்களிடையே பெரிய மரியாதை. யாரும் அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை. குளிர்காலத்துக்கு நூற்றுச் சொச்சம் நாள்; மீதி எங்கே என்று யாரும் கேட்கவும் இல்லை.

"அணிவகுப்பு மாதிரி இருக்கு, அகா," என்றாள் கம்ஷத். "ஒரே நாய், ஒரே ஆளு."

"மார்த்தாவா இருக்குமோ?" என்றேன்.

"மார்த்தா இவ்வளவு பெருசாப் போட்டா அப்புறம் மார்த்தாவே மிச்சம் இருக்காது. நவ்ரூஸ் கஞ்சிக்கு இங்கதான அண்டா வைக்கணும்? வெள்ளிக்கிழமை கூட்டம் போடறேன். யாருன்னு பாத்துப் பேரை ஒட்டிடுவோம். நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

"கண்டிப்பா" என்றேன்.

வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸுக்கு என் சம்பந்தி குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கதவு வழியாகத்தான் வர வேண்டும். என் பெயரை எழுதினால் தந்தை பெயரையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அவர்கள் மதித்துத் தந்த நாயாலேயே பைஸாக்கின் பெயர் கதவில் தொங்குவதை அவர்கள் நின்று படிப்பார்கள். மருமகள் அதன் அடியில் நுழைந்துதான் தினமும் வேலைக்குப் போக வேண்டும்.

அன்று சாயங்காலம் கென்ரிக் ஒத்தோவிச் காய்களைப் போட்டபடியே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "ஜூமெக்கே, நாளை கழிச்சுக் காலையில நான் எல்லாத்தையும் எடுத்துடறேன். யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"எதை?"

"நமக்குள்ள என்ன? எனக்கு இடுப்பு இன்னும் வளையுது."

"வேணாம்."

"உங்களுக்காக இல்ல, லாச்சினுக்காகன்னு வச்சுக்கங்க."

"வேணாம்னு சொன்னேன்."

என்னை அவமதித்தவர்கள் வாழ்க்கையில் சிலர் உண்டு. யாரும் இவ்வளவு மென்மையாகச் செய்ததில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். அவர் அள்ளிவிட்டால், அதன் பிறகு பலகைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் என் வீட்டு நாயின் கழிவை எனக்காக அள்ளியவர். நான் ஜெயித்தால் விட்டுக்கொடுத்தார் என்று தோன்றும். தோற்றால் சொல்லவே வேண்டாம். எந்தக் குடும்பமும் அப்படி ஒரு கடனைத் தாங்காது.

ஆகவே மறுநாள் விடியற்காலையில் நானே முடித்தேன். அவர் சொன்ன முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை. உறை போல மாட்டி, திருப்பி, முடிந்து, இரண்டாம் பையில் போட்டு, நூலால் கட்டினேன். கொடிகளையும் பொறுக்கினேன். கையைச் சோப்பால் இரண்டு முறை கழுவினேன். இந்த நகரத்தில் ஒருவர் இதைவிடப் பொறுப்பாகச் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

பைகள் இரண்டு மூட்டை ஆயின. குப்பைத் தொட்டி தெருவோரத்தில், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆறரை மணிக்கே அங்கே ஆள் நிற்கும். குழுத் தலைவர் மூட்டை சுமந்து வருவதைப் பார்த்தால் என்ன மூட்டை என்று கேட்பார்கள். நிலவறைக் கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சேமிப்பு அறை; கென்ரிக் ஒத்தோவிச்சின் அறைச் சாவி என்னிடம் உண்டு. புளித்த முட்டைக்கோஸ் வேண்டும்போது எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரே கொடுத்தது. அங்கே வைத்தேன். இரண்டு நாளைக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். அதே நிலவறையில் எனக்கும் ஓர் அறை இருக்கிறதே என்று கேட்பீர்கள். என் அறையில் குதிரைக்கறி இருந்தது.

முற்றம் சுத்தமானதைப் பார்த்து எல்லோரும், பையும் கையுமாக நாயைக் கூட்டிப்போகும் கென்ரிக் ஒத்தோவிச்சைப் பாராட்டினார்கள். "நான் இல்லீங்க" என்றார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பெயர் ஒட்டும் பேச்சை விட்டுவிட்டு, கம்ஷத் அவருக்குத் தேன் கேக் செய்து கொடுத்தாள். வேலை பார்த்தவன் நான். கேக் பதினான்காம் எண்ணுக்குப் போயிற்று. அதன் பிறகு மூட்டைகளை எடுக்க எனக்கு அவசரம் தோன்றவில்லை.

பத்தொன்பதாம் தேதி நிலவறையில் வெந்நீர்க் குழாய் கசிந்தது. உள்ளே நல்ல வெப்பம். படிக்கட்டு முழுக்க வாடை ஏறியதும் தூர்சுன் ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்த்தான். பதினான்காம் அறையில் மூட்டையை அவிழ்த்து ஒரு பையைக் கிழித்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"இது உருளைக்கிழங்கு இல்ல, அகா," என்றான்.

"கென்ரிக் ஒத்தோவிச்," என்றாள் கம்ஷத், "எடுத்ததையெல்லாம் இங்கயா சேத்து வச்சீங்க?"

"சிலபேரு தபால்தலை சேக்கறாங்க," என்றான் தூர்சுன்.

அக்போபே குனிந்து நூலைப் பார்த்தாள். அது அவளுடைய தையல் பெட்டி நூல். "அத்தா" என்று ஆரம்பித்தாள். நான் அவளைப் பார்த்தேன். நிறுத்திக்கொண்டாள். மாமனார் முன்னால் பிறர் காதுபடப் பேச மாட்டாள். நல்ல குடும்பத்துப் பெண்.

கென்ரிக் ஒத்தோவிச் ஒரு பையை எடுத்து முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிடங்கில் நாங்கள் போடும் முடிச்சு அது. எனக்கு வேறு முடிச்சு வராது.

"நல்ல முடிச்சு," என்றார். "சொன்னபடியே கட்டியிருக்கு."

பிறகு என்னைப் பார்த்தார். நான் காத்திருந்தேன். என் பெயரைச் சொல்லியிருந்தால் அங்கேயே ஒப்புக்கொண்டிருப்பேன். நான் பொய் சொல்கிறவன் அல்ல. அவர் சொல்லவில்லை.

"எழுதி ஒட்டுங்க, ஜூமெக்கே," என்றார்.

இரண்டாம் பிரிவை உரக்கப் படித்தேன். பெயரை நானே எழுதினேன். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். சம்பந்தி நவ்ரூஸுக்கு வந்தபோது கதவருகே நின்று படித்துவிட்டு, "யாருங்க இந்த ஆளு?" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் என்றேன். கஞ்சியை எல்லோருக்கும் ஊற்றினார்கள். பதினான்காம் எண்ணுக்கு யாரும் கிண்ணம் கொண்டுபோகவில்லை. ஏப்ரலில் கொஸ்தனாய் நகரத்திலிருந்து அவருடைய மகள் வந்தாள். அப்பாவுக்கு நினைவு தடுமாறுகிறது என்று யாரோ தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். அவரையும் மார்த்தாவையும் கூட்டிப்போனாள்.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். அறுபத்துமூன்றும் லாச்சினுடையவை. பைகளைக் கட்டியவன் நான். பதினான்காம் அறையில் வைத்தவன் நான். தெரிந்தே தீர்ப்புச் சொன்னவனும் நான். குழு இதைப் பதிவு செய்துகொள்ளட்டும். என் நிலையில் எந்தக் குடும்பத் தலைவரும் இதைத்தான் செய்திருப்பார் என்பதால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. மூன்றாம் மாடியில் இருக்கும் தூர்சுனின் மனைவி, அந்த விடியற்காலையில் சன்னலிலிருந்து பார்த்ததாகவும், பைஸாக்கின் மகன் ஜூமாதில் நாய்க்கழிவுக்கு அறுபத்துமூன்று முறை குனிந்து நிமிர்ந்ததாகவும் முற்றத்தில் சொல்லிவருகிறாள். அது பொய். நான் ஒருமுறைகூடக் குனியவில்லை. மண்டியிட்டேன், முதுகு நேராகத்தான் இருந்தது.