தெருமுனையில் ஒரு முகம்

"அண்ணா, தெருமுனையிலேர்ந்து என் மூஞ்சியை எடுத்துடுங்க."

பெங்களூர் போகும் காலை ரயிலில் எதிர் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னாள். மடியில் மடித்த கறுப்புக் கோட்டு. அவள் பக்கத்திலிருந்தவர் ஆண்டர்சன்பேட்டையில் அவள் தெருக்காரர். ஒட்டுக்கேட்கக் கூடாதுதான், கேட்டேன்.

"இன்னாத்துக்கும்மா? நம்ம தெருவுல மொத வக்கீல் நீ. அவ்ளோ பெரிய வக்கீல் கம்பெனியில சேர்ந்ததுக்கு நாங்கதானே ஆசையா பேனர் கட்டினோம்."

"அந்தக் கம்பெனியே இப்ப இல்லண்ணா. ஒரு ரூம்ல ஆரம்பிச்சு டெல்லி, மும்பைன்னு ஆபீஸ் போட்டாங்க. அப்புறம் பெரிய வக்கீலுங்களுக்குள்ள சண்டை. ஆளாளுக்கு அவங்கவங்க கட்சிக்காரங்களைக் கூட்டினு போய்ட்டாங்க. எங்களை யாரும் கூப்பிடல."

"அப்ப இன்னிக்கு எங்க போற?"

"வேலை தேடத்தான். வீட்ல இன்னும் சொல்லல. அந்த பேனரைப் பாக்க முடியாம தினம் சர்ச் பக்கமா சுத்தினு வரேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதான் உனக்குத் தெரியல. மழைக்கு எங்க வீட்டுக் கூரை ஷீட் ஒழுகிச்சு. உன்னைக் கேக்காம அந்த பேனரைக் கழட்டி உள்ள, கூரைக்கு அடியில கட்டிட்டேன். தப்புதாம்மா."

"பரவால்லண்ணா. மூஞ்சி மேல் பக்கம்தானே இருக்கு?"

"இல்லம்மா, கீழ்ப் பக்கம். படுத்தா நீதான் தெரியற. எங்க சின்னது 'குட் நைட் வக்கீலக்கா'ன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் தூங்குது."

கறுப்புக் கோட்டை அவள் இன்னும் சின்னதாக மடித்தாள்.