மூணாவது மாடி ஒத்திகை

இந்த அறைக்கு ஒரே கதவுதான் இருக்கு சார். தீப் பிடிச்சா நாம எல்லாரும் மாட்டிக்குவோம். தப்பா எடுத்துக்காதீங்க, பழக்கதோஷம். பல்கலைக்கழக மாணவர் குடியிருப்புல, மூணாவது மாடிக்கு ரெண்டு வருஷமா தீப் பாதுகாப்புப் பொறுப்பாளர் நான்தான்.

எங்க ஃபிளாட்ல நாலு படுக்கையறை, நடுவுல ஒரு சமையலறை. என் ஆராய்ச்சி ஏழாவது வருஷமா இழுத்துக்கிட்டே போகுது. பொறுப்புல இருக்கிறதாலதான் அறையைக் காலி பண்ணச் சொல்லாம இருக்காங்க. பொறுப்பு போனா அண்ணன் வீட்டுக்குத்தான் போகணும். அண்ணி ஏற்கெனவே ஒரு தடவை என் பெட்டியைத் தூக்கி வாசல்ல வெச்சவங்க.

வேலை ஒண்ணும் பிரமாதமில்லை. மூணு மாசத்துக்கு ஒரு ஒத்திகை. அலாரம் அடிச்சதும் மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு கதவா தட்டி, அஞ்சு நிமிஷத்துக்குள்ள எல்லாரையும் கீழே புல்வெளிக்குக் கொண்டு வரணும். ஒரு ஆள் குறைஞ்சாலும் மாடி தோத்த மாதிரி. மூணு தடவை தோத்தா பொறுப்பாளரை மாத்திடுவாங்க.

ரெண்டு தடவை தோத்தாச்சு. ரெண்டுக்கும் காரணம் என் பக்கத்து அறைக்காரன். கெட்டவன் எல்லாம் இல்லை, வடிகட்டின சோம்பேறி. அன்னிக்குக் காலைல கெஞ்சியே பார்த்துட்டேன்.

"இன்னிக்கு ஒத்திகைப்பா. இந்தத் தடவையாவது வந்துடு."

"அட போப்பா மஞ்சச் சட்டை! நெஜமா தீப் பிடிச்சா சொல்லு, மொத ஆளா ஓடி வர்றேன்."

மத்த ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா கோபம் டீ குடிச்சதோட போயிடுச்சு, அதை நீங்க நம்பணும்.

பதினோரு மணிக்கு அலாரம் அடிச்சுது. எல்லாரும் இறங்கிட்டாங்க. இவன் மட்டும் காதுல ஹெட்போனோட சமையலறையில முட்டை பொரிச்சுக்கிட்டு நின்னான். தோளைத் தொட்டேன். திரும்பாமலே கரண்டியை ஆட்டி, போன்னு சொன்னான்.

முதல்ல அடுப்பை அணைச்சேன். அது விதி. அப்புறம் சுவத்துல மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைக் கழட்டினேன். ஆறு கிலோ இருக்கும். பின்மண்டையில ஒரு அடி. விழலை. மேடையைப் பிடிச்சுக்கிட்டு, "வர்றேன், வர்றேன்"னான். இதைத்தான் ஆறு மாசமா கேட்டுக்கிட்டிருந்தேன். ஆனா அந்த நிலைமையில அவனால நடந்து வர முடியும்னு எனக்குத் தோணலை. இன்னும் ரெண்டு அடி போட்டேன்.

ஒத்திகையில லிஃப்ட்ல போகக் கூடாது. காலைப் பிடிச்சுப் படிக்கட்டு வழியா இழுத்துக்கிட்டு வந்தேன். அம்பத்திநாலு படி. ஒவ்வொரு படியிலும் தலை இடிச்சுது. ரெண்டாவது மாடித் திருப்பம் வரைக்கும் முனகல் கேட்டுது, அதுக்கு அப்புறம் இல்லை. கொன்னது நான்தான் சார், இல்லைங்கலை.

புல்வெளியில அவனை வரிசையில அவனோட இடத்துல படுக்க வெச்சேன். ஒத்திகைக்கு நேரம் குறிக்க வந்த பாதுகாப்பு அதிகாரி ஓன்னு அலறினாரே தவிர, கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. நாலு நிமிஷம் நாப்பது விநாடி. ஒரு ஆள் குறையலை. தயவுசெஞ்சு அதையும் எழுதிக்குங்க சார், அந்த அறை எனக்கு வேணும்.