முருகா என்று அவர் சொன்னாரா

"படு! படு!"

யார், எந்த மொழியில் கத்தினார்கள் என்று தெரியவில்லை. படுக்கிறேன். முகம் சிமெண்ட் தரையில். முதலில் ஒரு சீழ்க்கை. பிறகு சத்தமே இல்லை. பிறகு தரை ஒருமுறை என்னைத் தூக்கிப் போடுகிறது. காதுக்குள் ஊசி மாதிரி ஒரு ஒலி. கூரைத் தகரத்தின் மேல் கற்கள் விழுகின்றன. ஒன்று. இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை.

மணி மூன்று இருபத்தொன்று. பிற்பகல். வியாழக்கிழமை. ரமலான் இருபத்தொன்பதாம் நோன்பு.

நான் இம்தியாஸ். ஆம்பூர். தோலுக்கு நிறம் ஏற்றுவது என் தொழில். பதினாறு வயதில் எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் கற்றது. அதை வைத்துத்தான் சூடானுக்குப் போனேன். கார்ட்டூம் நகரின் தெற்கு ஓரத்தில் ஒரு தோல் தொழிற்சாலை. இரண்டு வருட ஒப்பந்தம். ஒரு வருடம் முடிந்திருந்தது. 2023 ஏப்ரல் பதினைந்து, சனிக்கிழமை காலை, சண்டை தொடங்கியது.

முதலில் கரண்ட் போனது. தோல் ஊறும் பெரிய மர டிரம்கள் நின்றன. இரவும் பகலும் சுற்றிக்கொண்டே இருக்கும் டிரம்கள் அவை. அவை நின்ற பிறகுதான் துப்பாக்கிச் சத்தம் எவ்வளவு பக்கத்தில் என்று கேட்டது.

தோல் அடுக்கும் கிடங்குக்குள் போனோம். சுவர் கெட்டி. எட்டுப் பேர். நான். கான்பூரிலிருந்து வந்த ஐந்து பேர். காவலாளி ஆதம், சூடான்காரர், அறுபது வயது. எட்டாவது ஆள் தணிகாசலம் அண்ணன்.

தணிகாசலம். நாற்பத்தாறு வயது. எலக்ட்ரீஷியன். ஊர் அணைக்கட்டு பக்கம். ஒரே அறையில் ஒரு வருடம் தங்கினோம். அவருக்குக் கடவுள் கிடையாது. கருப்புச் சட்டைக்காரர். அங்கேயும் இரண்டு கருப்புச் சட்டை கொண்டுவந்திருந்தார். முருகன் பெயரை வைத்துக்கொண்டு இப்படியா என்று கேட்டால், பெயர் அப்பா வைத்தது, புத்தி நான் வைத்தது என்பார்.

ஏன் நம்பிக்கை இல்லை என்று ஒருமுறை கேட்டேன். அவருக்கு ஒரு தங்கை இருந்திருக்கிறாள். ஆறு வயதில் காய்ச்சல். கோயிலில் படுக்க வைத்தால் இறங்கிவிடும் என்றார்கள். மூன்று நாள் படுக்க வைத்தார்கள். நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியிலேயே போய்விட்டாள். அவ்வளவுதான் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார். நீ ஏன் நம்புகிறாய்?

சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போனார். போனேன். அது காரணமா? யோசித்ததே இல்லை.

ஆனால் சஹருக்கு, நோன்புக்கு முந்தைய விடிகாலைச் சாப்பாட்டுக்கு, என்னை எழுப்புவது அவர்தான். எனக்குத் தூக்கம் ஜாஸ்தி. நோன்பு வைக்காத மனிதர் போனில் அலாரம் வைத்து, எழுந்து, டீ போட்டு, என் காலைத் தட்டுவார். தட்டிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வார்.

வியாழனோடு கிடங்கில் ஆறு நாள். ஜன்னலுக்கு ஈரத்தோலைக் கட்டுக் கட்டாக அடுக்கினோம். குண்டுச் சில்லு உள்ளே வராமலிருக்க. வெயிலில் தோல் அழுகத் தொடங்கியது. ஆம்பூர்க்காரன் நான். அந்த நாற்றத்தில் பிறந்தவன். எனக்கே குமட்டியது.

இரண்டாம் நாள் குழாயில் தண்ணீர் நின்றது. தெருக்கோடியில் ஒரு கைப்பம்பு. நானூறு அடி இருக்கும். மதியத்துக்குப் பிறகு சண்டை கொஞ்சம் கம்மியாகும். அப்போது ஒருவர் இரண்டு கேன் எடுத்துக்கொண்டு போவார். இருவர் போக வேண்டாம் என்று ஆதம் சொல்லிவிட்டார். குண்டு விழுந்தால் ஒருவர் போதும். முறை வைத்தோம். சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் பெயர்கள்.

வியாழக்கிழமை என் பெயர்.

மூன்று பத்துக்குப் பாங்கு கேட்டது. ஒலிபெருக்கி இல்லாமல், யாரோ ஒருவரின் வெறும் தொண்டை. அஸர் தொழுகை நேரம். சண்டையும் நின்றிருந்தது. நான் கேனை எடுத்தேன். வைத்தேன். தொழுதுவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. பயம்தான். தொழுகை என்று பெயர் வைத்தேன். இன்று வரை அது எது என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தணிகாசலம் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தார். என் பக்கத்திலிருந்த கேன்களை எடுத்தார்.

"நீ தொழு பாய். நேரம் போனா மறுபடி சுட ஆரமிச்சுடுவானுங்க. நான் போய்ட்டு வர்றேன்."

வேண்டாம் அண்ணா, இன்று என் முறை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குள் கையைக் கட்டிவிட்டேன். தொழுகையில் பேசக் கூடாது. அந்தச் சட்டம் எனக்கு வசதியாக இருந்தது.

அவர் போனது மூன்று பதினாலு. போனைப் பார்த்துவிட்டுத்தான் கை கட்டினேன்.

நான்கு சுற்றுத் தொழுகையில் மூன்றாம் ரக்அத். மூன்று இருபத்தொன்று. சீழ்க்கை. மேலே எழுதியது அதுதான்.

நான் நெற்றியைத் தரையில் வைத்துக் கிடக்கிறேன். பார்ப்பவர்கள் ஸஜ்தா என்று நினைப்பார்கள். இல்லை. ஒளிந்துகொண்டிருக்கிறேன். வாயில் ஒரு குர்ஆன் ஆயத்து கூட வரவில்லை. இன்னொரு குண்டு விழுமா என்று மட்டும் கேட்கிறேன். விழவில்லை. ஆதம் அரபியில் ஏதோ கத்துகிறார். கான்பூர்க்காரர்களில் ஒருவர் அழுகிறார். நான் எழவில்லை.

எழுந்தபோது மணி மூன்று முப்பத்திரண்டு.

பதினொரு நிமிடம். யாரும் வெளியே போகவில்லை. நானும் போகவில்லை.

ஆதமும் நானும் போனோம். பம்புக்கும் கிடங்குக்கும் நடுவில் கிடந்தார். திரும்பி வரும் வழி. இடுப்புக்குக் கீழே இருந்த நிலையை நான் எழுத மாட்டேன். முகத்தில் காயம் ஒன்றும் இல்லை. கண் திறந்திருந்தது. உயிர் இல்லை. ஒரு கேன் கிழிந்து கிடந்தது. இன்னொன்று நிமிர்ந்து நின்றது. மூடி இறுக்கியிருந்தது. நிறையத் தண்ணீர்.

யார் போட்ட குண்டு என்று தெரியாது. இரண்டு பக்கமும் சுட்டார்கள். தெரியாததை எழுத மாட்டேன்.

தொழிற்சாலை முற்றத்திலேயே புதைத்தோம். மண் இறுகியிருந்தது. இருட்டுவதற்குள் இடுப்பளவுதான் வெட்ட முடிந்தது. அவருடைய போர்வையில் சுற்றினோம். என்ன சொல்லி அனுப்புவது என்று தெரியவில்லை. எங்கள் துவா அவருக்குப் பிடிக்காது. சாமி மந்திரமும் பிடிக்காது. சும்மா நின்றேன். ஆதம் மெதுவாக ஃபாத்திஹா ஓதினார். நான் தடுக்கவில்லை.

அவர் நம்பாதவர் என்று ஆதமிடம் பிறகு சொன்னேன். தெரியும் என்றார். நான் அவருக்காக ஓதவில்லை, எனக்காக ஓதினேன், இவ்வளவு நடக்கிறது, யாரிடமாவது முறையிட வேண்டாமா என்றார்.

சூரியன் இறங்கியது. நோன்பு திறக்கும் நேரம். ஆதம் அந்தக் கேனைத் திறந்தார். ஒரு தம்ளர் ஊற்றினார். என்னிடம் நீட்டினார்.

குடித்தேன்.

மறுநாள் பெருநாள். யாரும் யாரையும் கட்டித் தழுவவில்லை. செவ்வாய்க்கிழமை இந்தியத் தூதரகம் அனுப்பிய பஸ் வந்தது. துறைமுகம் வரை ஒரு பகல், ஓர் இரவு. கப்பல். விமானம். சென்னை. ஆதம் வரவில்லை. அது அவர் நாடு.

ஆம்பூரில் எங்கள் தெரு முழுக்க வாசலுக்கு வந்தது. அம்மி என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உன் தொழுகைதான் உன்னைக் காப்பாற்றியது என்றார். எல்லாரும் அதையே சொன்னார்கள். கூட இருந்தவர் கருப்புச் சட்டையாமே, சாமி இல்லை என்பாராமே என்று கேட்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்குக் கேட்டது. தொழுதவன் பிழைத்தான். மறுத்தவன் போனான்.

கணக்கு சரிதான். நான் தொழுததால்தான் பிழைத்தேன். நான் தொழுததால்தான் அவர் செத்தார். இரண்டாவது பாதியை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி நஸ்ரீனிடம் கூட.

ஊர் வந்த எட்டாம் நாள் அணைக்கட்டு போனேன். அவர் வீட்டில் நாற்பது பேர் இருந்தார்கள். அவர் அம்மா என் கையைப் பிடித்தார். அவர் மனைவி மல்லிகா அண்ணி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். உடல் இல்லை. சாம்பல் இல்லை. ஆற்றில் கரைக்க எதுவும் இல்லை. நான் மட்டும்தான் வந்திருந்தேன்.

அண்ணி கேட்டது ஒரே கேள்வி.

"கடைசில சாமி பேர் எதுனா சொன்னாரா தம்பி?"

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மா என் கையை விடவில்லை.

"முருகான்னார்" என்றேன்.

வீடே அழுதது. நிம்மதியான அழுகை. அந்த அம்மா கூரையைப் பார்த்துக் கும்பிட்டார். நான் பஸ் ஏறினேன். பள்ளிகொண்டா தாண்டும்வரை எதுவும் தோன்றவில்லை. பிறகு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன்.

அடுத்த முறை போனபோது படம் மாட்டியிருந்தது. கருப்புச் சட்டையோடு சிரிக்கும் படம். படக் கண்ணாடியில், நெற்றிக்கு நேராக, மூன்று பட்டை விபூதி. கீழே விளக்கு. அவருடைய இயக்கத் தோழர்கள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்களாம். முப்பது வருடம் சாமி இல்லை என்று நின்ற ஒரு மனிதரை ஒரே சொல்லில் நான் முட்டிபோட வைத்திருந்தேன். அவருக்கு மறுத்துப் பேச வாய் இல்லை.

ஒன்றரை வருடம் அப்படியே போனது. ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். தோல் வெட்டும் பிரிவு. ஐந்து வேளையும் தொழப் போனேன். வரிசையில் தோளோடு தோள் சேர்த்து நிற்போம். இரண்டு பக்கமும் ஆள். இருந்தும் அந்தக் கிடங்கில் நான் ஒருவனாகவே நின்றேன். அஸரில் மூன்றாம் ரக்அத் வந்தால் முடிக்காமல் வெளியே வந்துவிடுவேன். பிறகு அஸருக்கு மட்டும் பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்தினேன். கேட்டவர்களிடம் முட்டிவலி என்றேன். அதுவும் பொய்.

நம்பிக்கை போய்விட்டதா? போயிருந்தால் சுலபம். இல்லாத ஒருவன்மேல் கோபப்பட முடியாது. எனக்குக் கோபம் இருக்கிறது. அதனால் அவன் இருக்கிறான் போலிருக்கிறது. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அணைக்கட்டு போனேன். நஸ்ரீனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் தடுக்கவில்லை. உடன் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

அவர் அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். மல்லிகா அண்ணி தையல் மெஷினில் இருந்தார். மிதியிலிருந்து காலை எடுத்தார். மெஷின் நின்றது.

சொன்னேன். என் முறை. என் தொழுகை. சீழ்க்கை. பதினொரு நிமிடம். நான் போனபோது உயிர் இல்லை. முருகா என்று சொன்னாரா, வேறு ஏதாவது சொன்னாரா, உங்கள் பெயரைச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நான் பொய் சொன்னேன் அண்ணி.

அண்ணி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கைத் துணியை மடித்தார். திரும்பப் பிரித்தார்.

"அந்தப் பதினோரு நிமிசத்துல உசுரு இருந்திச்சா?"

"தெரியாது அண்ணி."

"சாமி இருக்குதா இல்லியான்னு நான் அன்னிக்கிக் கேக்கல தம்பி. அவருக்கும் எனக்கும் அந்தச் சண்ட கல்யாணமான நாளா இருந்ததுதான். பக்கத்துல யாருனா இருந்தாங்களான்னுதான் கேட்டேன். நீங்க முருகான்னு சொன்னதும், நீங்க இருந்தீங்கன்னு நெனச்சேன். அத வெச்சிக்கினுதான் தூங்கினேன்."

அண்ணி எழுந்தார். படத்துக்கிட்டே போனார். விபூதியைத் துடைத்துவிடுவார் என்று நினைத்தேன். கையைத் தூக்கினார். இறக்கினார். அத்தை உயிரோடு இருக்கும் வரை இது இருக்கட்டும், அவரிடம் சொல்லாதீர்கள் என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை நின்றார்.

"இப்பவும் தொழறீங்களா?"

நான்கு வேளை என்றேன். ஐந்தாவது முடியவில்லை என்றேன்.

"அதையும் தொழுங்க. அதுக்குத்தான அவரு எழுந்து போனாரு. பாதில விட்டா எப்படி."

வாசல் வரை வந்தார். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். குரல் மாறவில்லை.

"இனிமே இங்க வராதீங்க தம்பி. கோவம் இல்ல. உங்க மூஞ்சப் பாத்தா எனக்கு அந்த நிமிசம்தான் வரும்."

சரி என்றேன். போகவில்லை அதன் பிறகு. இரண்டு பெருநாளும் ஒரு பொங்கலும் கடந்துவிட்டன.

அஸரை இப்போது வீட்டில் தொழுகிறேன். நான்கு ரக்அத்தும். மூன்றாவதில் விட்டுவிடாமல் முடிக்கிறேன். அல்லாஹ் கேட்கிறானா என்று தெரியாது. எழுந்து போனவருக்காக முடிக்கிறேன். இதற்கு நம்பிக்கை என்று பெயரா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்கவில்லை. கேட்டால் கதை முழுக்கச் சொல்ல வேண்டும். இங்கே எழுதுகிறேன். படிப்பவர்கள் தணிகாசலம் அண்ணனை அவராகவே வைத்துக்கொள்ளுங்கள். அவர் யாரையும் கூப்பிட்டதை நான் கேட்கவில்லை.

கிடங்கில் எட்டுப் பேர். செத்தது ஒருவர். தணிகாசலம், எலக்ட்ரீஷியன், நாற்பத்தாறு வயது. கல்லறையில் பெயர் இல்லை. அந்த முற்றம் இன்று இருக்கிறதா என்றும் தெரியாது. காவலாளி ஆதம், தகவல் இல்லை. அவர் போன் மணி அடிப்பதில்லை. கான்பூர்க்காரர்கள் ஐந்து பேரும் வீடு சேர்ந்தார்கள். ஒருவருக்கு இடது காது கேட்காது. எனக்கு வலது காது பாதி. போனவை: இரண்டு கருப்புச் சட்டை, கிடங்கிலேயே. என் சாயக் குறிப்பு நோட்டு, இருபத்து மூன்று வருடம் எழுதியது. ஒரு பெருநாள். அணைக்கட்டில் எனக்கு இருந்த ஒரு வீடு.