மூன்று மணிக் கட்டம்

அவைக்கு அணி சேர்த்துத் தலைமை ஏற்றிருக்கும் செவிலியர் கல்லூரி முதல்வர் ஜெபக்குமார் அவர்களே! அறிவும் அனுபவமும் அருகருகே அமர்ந்தாற்போல் மேடையை நிறைத்திருக்கும் மருத்துவப் பெருமக்களே! திருக்கழுக்குன்றத்துப் பெரியோர்களே! பெற்ற பிள்ளையை ஊரார் பிணி தீர்க்க ஒப்படைத்துவிட்டு, படாளத்திலிருந்தும் முட்டுக்காட்டிலிருந்தும் பேருந்து மாறி வந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! கையில் விளக்கேந்தி உறுதிமொழி உரைத்த வெள்ளுடைச் செல்வங்களே! உங்கள் அனைவரையும் அமிர்தவல்லியாகிய நான் வணங்குகிறேன்.

எனக்கு முன் பேசியவர்கள் கருணையைப் பேசினார்கள், கனிவைப் பேசினார்கள். கைதட்டல் கூரையைத் தொட்டது. நான் மறுக்க வரவில்லை. ஆனால் பதினான்கு கட்டிலுக்கு ஒருத்தியாய் நிற்கும்போது அந்தக் கருணை எந்தக் கட்டிலுக்கு முதலில் போகும்? யார் குரல் உயர்கிறதோ அவருக்கா? யார் உயிர் தாழ்கிறதோ அவருக்கா? பார்க்க முடியாமல் போனதைப் பார்த்ததாக எழுதலாமா? கேள்விகள் எளியவை. விடை ஒருத்திக்கு எவ்வளவு கடினமாயிற்று என்பதைச் சொல்கிறேன்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். பின்வரிசையில் யாரோ பெயர் கேட்கிறீர்கள். கேட்டாலும் சொல்ல மாட்டேன், அது இன்று திருந்தி நடக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அங்கே செவிலியர் கண்காணிப்பாளராக இருந்தவள் நான். பெண்கள் வார்டில் பணிபுரிந்தவள் ஜெனிட்டா. இருபத்தாறு வயது. அதிகம் பேசமாட்டாள்.

அன்று பிற்பகல் வேலைக்கு வரவேண்டிய இரண்டு பேரில் ஒருத்தி விடுப்பு. மாற்று ஆள் போட வேண்டியவள் நான், போடவில்லை. ஒன்பதாம் கட்டிலில் எல்லம்மாள். படாளத்தில் வயல் வேலை பார்த்தவர், பிறகு கம்பெனி ஒன்றில் துப்புரவுப் பணி. முந்தைய நாள்தான் கர்ப்பப்பை அறுவை முடிந்திருந்தது. மணிக்கு ஒருமுறை நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்துப் பதிவுத்தாளில் குறிக்க வேண்டும் என்பது மருத்துவர் உத்தரவு.

இரண்டு மணிக்குப் பார்த்தாள், குறித்தாள். இரண்டே முக்காலுக்கு இரண்டாம் கட்டிலில் இருந்த அம்மையாருக்கு மூச்சுத் திணறியது. உதடு நீலம் பாய்ந்தது. பணி மருத்துவரை வரவழைத்து, பிராணவாயு வைத்து, மருந்துப் புகை கொடுத்து, அந்தத் திணறல் தணியும்வரை ஜெனிட்டாவால் நகர முடியவில்லை. இன்னொரு ஆள் கேட்டு எனக்கு இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தாள். நான் எங்கே இருந்தேன்? மருத்துவமனைக்குத் தரச் சான்றிதழ் வாங்கும் கூட்டத்தில் இருந்தேன். தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் தொலைபேசியை எடுக்கவில்லை. சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் வேண்டும்.

இரண்டாம் கட்டில் அம்மையாருக்கு மூச்சு சீரானபோது மணி நான்கு. அதற்குள் வாசலருகே வாக்குவாதம். கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்த சஹானா என்ற பெண்ணை வீட்டுக்கு அழைத்துப் போக அவர் கணவர் ஹேமந்த் காத்திருந்தார். வீட்டுக்கு அனுப்பும் காகிதம் கைக்கு வரவில்லை. மென்பொருள் நிறுவனத்துக்காரர், நிர்வாகத்துக்கு வேண்டியவர். புகார் எழுதுவேன் என்றார். ஜெனிட்டா அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டுதான் நடந்தாள். வழியில் ஒன்பதாம் கட்டில்.

எல்லம்மாள் கூப்பிடவில்லை. முனகவில்லை. நெற்றியில் முத்து முத்தாய் வியர்வை. பாதம் தொட்டால் சில்லென்றிருந்தது. என்ன செய்கிறது என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். அந்தப் பதில் வரத் தாமதமாயிற்று. அந்தத் தாமதம்தான் ஜெனிட்டாவை நிறுத்தியது. நாடி நூற்று இருபத்தாறு. இரத்த அழுத்தம் எண்பதுக்கு ஐம்பது.

செல்வங்களே, கத்துகிறவருக்குக் கத்தும் அளவுக்குத் தெம்பு இருக்கிறது. கத்தாதவரிடம் அதுவும் இல்லாமல் இருக்கலாம். ஜெனிட்டா காகிதங்களைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். அறுவை மருத்துவர் அருணகிரியை அழைத்தாள். ஹேமந்தின் குரல் உயர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நரம்பில் திரவம் ஏற்றினாள், இரத்தத்துக்குச் சொல்லி அனுப்பினாள். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஐந்து மணிக்கு மீண்டும் அறுவை. எல்லம்மாள் பிழைத்தார்.

இதோடு முடித்தால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் இதோடு முடியவில்லை.

அன்று ஆறு மணிக்கு ஒன்பதாம் கட்டிலின் பதிவுத்தாளை நான் புரட்டினேன். இரண்டு மணிக் கட்டத்தில் எண் இருந்தது. நான்கு மணி பத்து நிமிடத்தில் எண் இருந்தது. மூன்று மணிக் கட்டம் காலி. பேனாவை அவளிடம் நீட்டினேன்.

"நூற்றிப் பத்துக்கு எழுபதுன்னு போட்டுடு, ஜெனிட்டா. எல்லாரும் போடறதுதான்."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். அந்தக் கட்டத்துக்குள் எதையும் எழுதவில்லை. தாளின் கீழே எழுதினாள்: 'மூன்று மணிக்குப் பார்க்கவில்லை. இரண்டாம் கட்டில் நோயாளிக்கு மூச்சுத் திணறல். வார்டில் தனியாக இருந்தேன். உதவி கேட்டு இருமுறை அழைத்தேன்.' எழுதிய நேரத்தைக் குறித்தாள். கையொப்பமிட்டாள். இதனால் வேலை போகலாம் என்று அவளுக்குத் தெரியும். அஞ்சிய கைதான் உண்மையை எழுதியது. அஞ்சாத கை பொய்யை நீட்டியது.

மறுநாள் எல்லம்மாளின் கணவர் ஏசுபாதம் வார்டு வாசலில் நின்றார். நோயாளியின் வீட்டாரிடம் யாரும் எதுவும் பேசக்கூடாது என்பது நிர்வாகத்தின் கட்டளை. மூன்று மணிக்கு யாரும் பார்க்கவில்லை என்ற பேச்சு காதில் விழுந்து, அவர் ஜெனிட்டாவிடம் நேரே போனார்.

"சிஸ்டர், எனுக்கு வேற இன்னாவும் வேணாம். மூணு மணிக்கு என் வூட்டுக்காரிய யார்னா வந்து பாத்தீங்களா இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"பார்க்கலண்ணா. வேற ஒரு அம்மாவுக்கு மூச்சு நின்னுடும்போல இருந்துச்சு. நான் அங்க இருந்தேன். பார்க்கலன்றதுதான் உண்மை."

அவர் கேட்டுக்கொண்டு மனைவியின் கட்டிலுக்குப் போனார். பிறகு புகார் கொடுத்தார். ஆம், கொடுத்தார். உண்மை சொன்னால் உடனே மன்னிப்புக் கிடைக்கும் என்று உங்களுக்கு நான் ஆசை காட்டமாட்டேன். நிர்வாகம் ஜெனிட்டாவை வார்டிலிருந்து நீக்கி மருந்துக் கிடங்கில் உட்கார வைத்தது. மூன்று மாதம். அவளோடு பேசிப் பழகியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களில் நானும் ஒருத்தி.

புகாரின்மேல் அரசு விசாரணை வந்தது. பழைய பதிவுத்தாள்களை மேசையில் பரப்பினார்கள். பக்கத்துக்குப் பக்கம் நூற்றிப் பத்துக்கு எழுபது. ஒரே மை, ஒரே சாய்வு. யாருடைய உடம்பும் அப்படி ஒரே எண்ணில் நிற்பதில்லை என்றார் விசாரித்தவர். ஜெனிட்டாவின் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். தொலைபேசிப் பதிவில் இரண்டு ஐம்பதுக்கு ஓர் அழைப்பு, மூன்று ஐந்துக்கு ஓர் அழைப்பு. நான் சொன்னபடி அவள் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டாம் கட்டிலை விட்டு நகர முடியாமல் மூன்று ஐந்துக்கு உதவி கேட்டவள், மூன்று மணிக்கு ஒன்பதாம் கட்டிலை எப்படிப் பார்த்தாள் என்று கேட்டிருப்பார்கள். அந்த ஒரு பொய்யில் அவள் செய்த நல்லதெல்லாம் நம்பகத்தன்மையை இழந்திருக்கும். செவிலியராகப் பணிபுரிய அவள் பெற்ற பதிவு எண்ணும் பறிபோயிருக்கும். விசாரணைத் தீர்ப்பு அவளைக் குற்றமற்றவள் என்றது. ஆள் போடாத குற்றம் மருத்துவமனைமீது விழுந்தது. கண்டனக் கடிதம் என் பெயருக்கு வந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

மூன்று மணிக்குப் பார்த்திருந்தால் இரண்டாம் அறுவை தேவைப்பட்டிருக்குமா? மருத்துவர் அருணகிரியிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே இங்கும் பதிவு செய்கிறேன்.

செல்வங்களே! செய்ததை எழுதுங்கள். செய்யாததைச் செய்யவில்லை என்று எழுதுங்கள். கேட்ட உதவியை எழுதுங்கள். கிடைக்காத உதவியையும் எழுதுங்கள். அதிகாரம் பேனாவை நீட்டும்போது அச்சம் வரும். வரட்டும். அச்சத்தோடே எழுதுங்கள். உங்கள் ஒவ்வோர் எண்ணையும் நம்பி அடுத்து வருபவர் மருந்து கொடுக்கிறார். அந்த மருந்தை நம்பி ஓர் உயிர் கிடக்கிறது. மயங்கிக் கிடப்பவருக்கு வாய் இல்லை. அவருக்கு உங்கள் எழுத்துதான் வாய். அந்த வாயில் பொய்யைத் திணிக்க எவருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இருந்ததில்லை.

தீர்ப்பு வந்த அன்று மருந்துக் கிடங்குக்குப் போய் ஜெனிட்டாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுந்து நின்றாள்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு மேடம்? நாளைக்கு மத்தியான டூட்டிக்கு ரெண்டு பேர் போடுங்க, போதும்."

போட்டேன். ஓய்வு பெற்ற நாள்வரை ஒருநாளும் ஒருத்தியை மட்டும் விட்டுவைத்ததில்லை.

பொறுமையோடு செவி தந்த உங்களுக்கும், குற்றம் செய்தவளையும் மேடை ஏற்றிப் பேசவைத்த முதல்வர் அவர்களுக்கும் என் நன்றி உரியது. நாளை முதல் வார்டுக்குள் நுழையப்போகும் உங்கள் கைகளை வணங்கி அமர்கிறேன். வணக்கம்.