ரோட்டுக் குழியில் கத்தரிக்கன்று

“வீட்டு வாசல் ரோட்டுக் குழிக்குள்ள கத்தரிக்கன்று நட்டிட்டன்.”

பியர்பொன்ட்ஸ் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்த மஞ்சள் தொப்பிக்காரர் சொன்னார். பக்கத்திலிருந்தவர் போனை மூடி வைத்தார்.

“ஏனண்ணை?”

“குழியை மூடச் சொல்லி ரெண்டு வருசமாக் கடிதம் போட்டும் நகரசபை அசையேல்லை. ஒட்டாவாவில அரசாங்கம் அமெரிக்காவோட வரிச்சண்டை பிடிக்குது. அதால உள்ளூர் மரக்கறி வாங்குங்கோ எண்டினம். சரியெண்டு உள்ளூரிலேயே நட்டன்.”

“பேந்து?”

“அடுத்த நாளே நகரசபைக்காரர் தார் லொறியோட வந்து குழியை மூடிட்டாங்கள்!”

“கன்று போச்சோ?”

“இல்லை. பக்குவமாக் கிளப்பி, வாளியில வைச்சு, தண்ணியும் ஊத்தி, என்ர படியில விட்டிட்டுப் போயிருக்கிறாங்கள்.”

சிரித்துக்கொண்டே மற்றவர் மணிக்கயிற்றை இழுத்தார். இறங்கப் போனவர் திரும்பி வந்தார்.

“அண்ணை, அந்த வாளியைக் கன்றோட ஒரு கிழமைக்குத் தாறியளோ? எங்கட தெருவில மூண்டு குழி கிடக்கு.”