யாருக்குச் சொல்லணும்?

அண்ணி: பயமா இருக்கு தம்பி. தப்பா எதையாவது தொட்டு வீடே இருட்டாயிட்டா?

தம்பி: ஒண்ணும் ஆகாது. தொடுங்க. நான் வாயே திறக்க மாட்டேன். நீங்க எங்க முழிக்கிறீங்கன்னு மட்டும் பாக்கணும்.

அண்ணி: பரீட்சைக்கு உக்கார வச்ச மாதிரி...

தம்பி: பரீட்சை உங்களுக்கில்ல, எனக்கு. வீட்டுல விளக்கு, மோட்டாரையெல்லாம் கவனிச்சு போனுக்குச் சொல்ற இந்த மென்பொருளை யார் வேணும்னாலும் சும்மா எடுத்துக்கலாம், பிரிச்சு மாத்திக்கலாம். ஆனா புரோகிராம் எழுதுறவங்களைத் தவிர ஒருத்தருக்கும் பிடிபடல. அதான் எல்லாத்தையும் கேள்வியா மாத்திட்டேன். நாளைக்கு மத்தவங்களுக்கு அனுப்பணும்.

அண்ணி: வாயே திறக்க மாட்டேன்னியே!

தம்பி: சரி, சரி.

அண்ணி: “எதை... கவனிக்கணும்?” வாசல் விளக்கு, மோட்டார், மின்விசிறி... குளியலறைக் கதவு. இது எப்படி இதுல வந்துச்சு?

தம்பி: ஒரு சென்சார் மிச்சம் இருந்துச்சு. சும்மா ஒட்டி வச்சேன். நீங்க விளக்கை எடுங்களேன், சுலபம்.

அண்ணி: இல்ல, இதையே எடுக்குறேன். “மூடியிருந்தால்.” அப்புறம்... “எவ்வளவு நேரம்?” பதினஞ்சு நிமிஷம்.

தம்பி: பதினஞ்சு நிமிஷமா? எதுக்கு அண்ணி?

அண்ணி: உங்கண்ணன் பாட்டுப் பாடியே தொட்டித் தண்ணிய காலி பண்றார். அதுக்குத்தான்.

தம்பி: இன்னைக்குப் பாட்டே கேக்கலியே.

அண்ணி: நாள் பூரா சாரத்து மேல நின்னு சுவர் பூசிட்டு வந்தவர், பாடவா செய்வார்?

தம்பி: உள்ள போய் எவ்வளவு நேரமாச்சு?

அண்ணி: பத்துப் பன்னெண்டு நிமிஷம் இருக்கும்... நீ ஏன் அந்தப் பக்கமே பாக்குற?

தம்பி: நான் எங்க பாத்தேன்? கடைசிக் கேள்விக்குப் போங்க.

அண்ணி: “யாருக்கு...”

தம்பி: அண்ணி?

அண்ணி: இது... எழுத்து புரியல.

தம்பி: “யாருக்குச் சொல்லணும்?” அவ்வளவுதானே! எழுத்து சின்னதா இருக்கா? “யாரைக் கூப்பிடணும்”னு மாத்திடவா?

அண்ணி: காலியா விட்டா என்ன?

தம்பி: விடாது. ஒரு பேராவது வேணும். உங்க பேரைத் தொடுங்க.

அண்ணி: ஷிஃப்ட் முடியுற வரைக்கும் என் போன் கம்பெனிப் பெட்டியில பூட்டிக் கிடக்கும். அடிச்சு என்ன பிரயோஜனம்?

தம்பி: அப்போ என் பேரு.

அண்ணி: உன் பேரு கூடாது!

தம்பி: ஏன் கத்துறீங்க? முப்பத்தஞ்சு வயசுல எழுத்துக் கத்துக்கிட்டு, பஸ்ஸுல போனா கடைப் பலகையெல்லாம் சத்தமா வாசிச்சு மானத்தை வாங்குறவங்க... உங்களுக்கா இந்த ரெண்டு வார்த்தை புரியல?

அண்ணி: தண்ணிச் சத்தம் நின்னுடுச்சு.

தம்பி: சோப்புப் போடுவார்...

அண்ணி: எனக்கு வாசிக்கத் தெரியும் தம்பி. போன வாரம் அவர் உள்ள மயங்கிக் கிடந்தார். நான்தான் முகத்துல தண்ணி தெளிச்சு எழுப்பினேன். உனக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். தெரிஞ்சா சாரத்துல ஏற விடமாட்டியாம்.

தம்பி: போன வாரமுமா?

அண்ணி: போன வாரமும்னா?

தம்பி: போன மாசம் நீங்க ஷிஃப்ட்ல இருந்தப்போ... தாழ்ப்பாளை நெம்பித்தான் உள்ள போனேன். நீங்க வர்றதுக்குள்ள திருகாணியெல்லாம் முடுக்கி வச்சேன். உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டயும் அதே சத்தியம். அப்புறந்தான் அந்தக் கதவுல சென்சார் ஒட்டினேன்.

அண்ணி: அடப்பாவி... ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு!

தம்பி: நீங்க மட்டும் என்னவாம்?

அண்ணி: உன் பேரைத் தொட்டுட்டேன். “சரி.” முடிஞ்சுதா?

தம்பி: முடிஞ்சுது. ஒரு இடத்துலயும் நீங்க... இருங்க. என் போன் அடிக்குது.

அண்ணி: இப்பத்தானே போட்டோம்!

தம்பி: கதவு மூடினதுலேருந்து கணக்கு அண்ணி. பதினஞ்சு ஆயிடுச்சு.

அண்ணி: ஏங்க! ஏங்க, காது கேக்குதா? ஒரு வார்த்தை பேசுங்க!

தம்பி: அண்ணா! தள்ளி நில்லு, கதவை உடைக்கப் போறேன்!

அண்ணன்: உடைக்காதடா... தலை சுத்துச்சு, கீழ உக்காந்துட்டேன். சும்மா தள்ளு, திறக்கும். ஒரு மாசமா நான் தாழ்ப்பாளே போடுறதில்ல.